அக்காவின் பின்னால் வந்தவர்

எங்கள் குடும்பத்தின் மூத்த மகளும், மருத்துவரும், கனடா நாட்டின் ஒரு மாகாணத்தில் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருமான எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. தச்சநல்லூர் வீட்டுக்கு வந்து, எங்களோடு அமர்ந்து உண்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது.

இப்படிப்பட்ட மலர்களில் என்ன எழுதுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் பண்பின் சிகரம், எல்லோரும் ஈகையின் இருப்பிடம். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உயிரோடு இருந்தபோது ஒருவரை எந்த வாயால் ஏசினார்களோ, அதே வாயால் செத்தபின் புகழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அக்கா மகள் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டாள். "சித்தி, அம்மாவ சாமி ஆக்கிராதீங்க. நடந்தத எழுதுங்க. அம்மா அதத்தான் கேப்பா" என்றாள். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்த பலர் என்னைத் தனியே இழுத்துக் காதோடு கேட்டது ஒன்றுதான். "பெரிய பதவியில இருந்தவ, எல்லாத்தையும் போட்டுட்டு எதுக்கு இங்கன வந்து கிடந்தா?" அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இதே வீட்டில். அப்பாவுக்கு உரக்கடை. வயல்கள் அதற்கு முந்திய தலைமுறையிலேயே கைமாறிவிட்டன. மிஞ்சியது பேச்சு மட்டும். "நம்ம வயக்காடு" என்று அப்பா கையை நீட்டிக் காட்டும் இடங்களில் யார் யாரோ அறுவடை செய்துகொண்டிருப்பார்கள். அந்த வெறும் பேச்சு அக்காவுக்குச் சிறு வயதிலேயே பிடிக்காது. படிப்பு ஒன்றைத்தான் நம்பினார். மருத்துவம் படித்தார். என்ஜினீயர் மாப்பிள்ளை அமைந்தது. அத்தானோடு கனடா போனார்.

போன இடத்தில் இவர் படித்த படிப்பு செல்லாது என்றுவிட்டார்கள். நம் ஊரில் பிரசவம் பார்த்த கை, அங்கே முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றியது. "ஏட்டி, இங்க நான் டாக்டர்னு சொன்னா சிரிக்காவ" என்று போனில் சொல்லுவார். அழமாட்டார். மறுபடி பரீட்சைகள் எழுதி, மறுபடி பயிற்சி எடுத்து, கடைசியில் டாக்டர் ஆனபோது, யாரும் போக விரும்பாத ஒரு கோதுமைக்காட்டு ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஊரின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாது. நாங்கள் "அக்கா ஊர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே ஒரு சிறிய ஆஸ்பத்திரி. அத்தான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததும் அந்த ஊரில்தான். மகளை வைத்துக்கொண்டு அக்கா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டு தலைமுறைக்கு அங்கே பிறந்த பிள்ளைகளை எல்லாம் இவர்தான் கையில் ஏந்தினார்.

அந்தச் செல்வாக்குதான் அரசியலுக்கு இழுத்தது. ஒரு கட்சியின் ஆட்கள் வந்து தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். அக்கா சரி என்றுவிட்டார். நான் சண்டை போட்டேன். "அரசியல்வாதிங்கள தினமும் ஆபீஸ்ல பாக்கேன். உனக்கு ஏன்க்கா இந்தச் சவத்து வேல?" என்று கேட்டேன். "அங்கன உள்ள மாதிரி இங்க இல்லட்டி. வந்து பாரு" என்று டிக்கெட் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். மேடை இல்லை, மைக் இல்லை, மாலை இல்லை, ஒரு சுண்டல் பொட்டலம்கூட இல்லை. கொட்டும் பனியில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். கதவைத் திறந்தவர், "டாக்டரா, வாங்க, இந்த முழங்காலைக் கொஞ்சம் பாருங்க" என்பார். அக்கா அங்கேயே குனிந்து முழங்காலைப் பார்ப்பார். ஓட்டுக் கேட்க மறந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். நான் பின்னாலேயே போய் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வருவேன்.

அந்தப் பனியில் எங்களைத் தன்னுடைய பெரிய வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டியவர் பீட்டர் என்ற விவசாயி. வயதானவர், நல்ல உயரம், கம்பளிக் கோட்டு, கனத்த பூட்ஸ், பேச்சு குறைவு. அக்கா அந்த ஊருக்குப் போனதும் முதலில் வைத்தியம் பார்த்தது அவருக்குத்தானாம். தன் நிலத்தின் ஓரத்தில் அக்காவின் பெயர்ப் பலகையை அவரே நட்டார். அவர் மனைவி மார்த்தா அம்மாள் எங்களுக்குச் சூடாகக் காபி ஊற்றித் தருவார். அக்கா ஜெயித்த அன்று பீட்டர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "இனி நம் ஆஸ்பத்திரிக்குப் பயமில்லை" என்றார். எனக்கு இங்கிலீஷ் தாலுகா ஆபீஸ் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் அது புரிந்தது.

அக்கா நல்ல உறுப்பினராகத்தான் இருந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் டாக்டர்களுக்குப் பரீட்சை வழியை எளிதாக்கியதில் இவருக்குப் பங்கு உண்டு. தான் பட்டதை அடுத்தவர் படக்கூடாது என்ற வைராக்கியம். அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மலரிலேயே எழுதியிருக்கிறார்கள்.

பிறகு அந்த பட்ஜெட் வந்தது. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் சாயங்காலத்துக்குமேல் அவசரப் பிரிவை மூடிவிடுவது என்று அதில் ஒரு திட்டம். அக்கா ஊர் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தது. ஆதரித்தே ஆக வேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவு போட்டுவிட்டார். அங்கே வாக்களிப்பு என்றால் ஆதரிப்பவர் ஒவ்வொருவரும் எழுந்து நிற்க வேண்டும். பெயரைச் சொல்லிக் குறித்துக்கொள்வார்கள். ஒளிந்துகொள்ள வழி கிடையாது. முதல் நாள் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"மூடினா ஆள் சாகும்ட்டி. மூடக்கூடாதுன்னு உக்காந்துட்டா அடுத்த தடவ எனக்கு சீட் கிடையாது."

"நீ என்ன செய்யப் போற?"

"இப்ப எந்திச்சு நின்னா சுகாதார மந்திரி ஆக்குவோம்னு சொல்லுதாவ. மந்திரி ஆயிட்டா நானே திறந்துருவேன்லா?"

அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் எழுந்து நின்றார். மந்திரிப் பதவி வேறொருவருக்குப் போனது.

அந்தக் குளிர்காலத்திலேயே பீட்டருக்கு நெஞ்சுவலி வந்தது. பொழுது அடைந்ததும் வந்த வலி. ஆஸ்பத்திரிக் கதவு பூட்டியிருந்தது. மார்த்தா அம்மாள் அவரை வண்டியில் போட்டுக்கொண்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பனி மூடிய ரோடு. பாதி வழியில் பீட்டர் போய்விட்டார். அக்கா அப்போது தலைநகரில் ஏதோ விருந்தில் இருந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று அக்கா கிளம்பினார். கட்சிக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், கேஸ் வரும், வாயைத் திறக்காதே என்றார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. ஆனால் அதன்பிறகு அக்கா நடத்திய ஒவ்வொரு கூட்டத்துக்கும் மார்த்தா அம்மாள் வந்தார். முன்வரிசையில் உட்காருவார். பக்கத்து நாற்காலியில் கணவருடைய தொப்பியை வைத்திருப்பார். ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். கூட்டம் முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த தேர்தலிலும் அக்காதான் ஜெயித்தார்; ஆஸ்பத்திரி இருந்த அந்த ஊர் ஓட்டுகளில் மட்டும் தோற்றார்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. "ஏட்டி, சிரிக்காம கேளு. சபையில ஓட்டுக்கு எந்திக்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால ஒரு ஆள் எந்திக்காரு. பூட்ஸ் சத்தம் கேக்கு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல."

நான் சிரிக்கவில்லை. வேலை அதிகம், தூக்கம் இல்லை, சர்க்கரையைப் பரிசோதித்துப் பார் என்றேன். டாக்டருக்கே வைத்தியம் சொன்னேன். பதவிக்காலம் முடிந்ததும் அக்கா மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. வீட்டை மகள் பெயருக்கு மாற்றிவிட்டு, இந்த வீட்டுக்கே வந்துவிட்டார்.

வந்தவர் தனியாக வரவில்லை. இதை எழுதும்போது உங்களில் சிலர் உதட்டைப் பிதுக்குவது எனக்குத் தெரிகிறது. நம்பாதவர்கள் விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் பேய் ஓட்டும் கோடாங்கி இல்லை. சித்திரை வெயிலில், தாமிரபரணியே பாறையாய்க் கிடக்கும் நாட்களில், இந்தக் கூடத்தில் நனைந்த கம்பளி வாடை அடிக்கும். அக்கா நாற்காலியை விட்டு எழுந்தால் தலையைப் பைய திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் நடப்பார். முதலில் எனக்கு எரிச்சல் வந்தது. பிறகு நானும் அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இன்றும் பார்க்கிறேன்.

ஒரு ஆடி அமாவாசை அன்று, குறுக்குத்துறைக்குப் போவோம் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். ஆற்றில் தண்ணீர் நல்ல ஓட்டம். படித்துறையில் தர்ப்பணம் செய்துவைக்கும் ஐயர் ஒருவர், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எங்கள் தம்பி செய்தது முடிந்ததும், "வேற யாருக்கும் உண்டா?" என்றார். அக்கா முன்னால் வந்து, "பீட்டர்" என்றார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்கு நான் அவரை என்றும் மறக்கமாட்டேன்.

"உங்களுக்கு என்ன உறவு வேணும்மா?"

அக்கா, "நான் அவருக்கு டாக்டர்" என்றார்.

"எள்ளும் தண்ணியும் விட்டுரலாம். உறவு இல்லாதவாளுக்கும் விடறது உண்டு. ஆனா உங்களுக்கு மனசு ஆறணும்னா வீட்ல கூப்பிட்டு ஒரு வாய் சோறு போடுங்கோ" என்றார் ஐயர்.

எங்கள் வீட்டுப் படைப்பு உங்களுக்குத் தெரியும். இறந்தவர்களுக்குத் தலைவாழை இலை போட்டு, பரிமாறி, உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டும். பெயர் சொல்லி அழைப்பது கிடையாது. ஒருவரை யார் முதலில் அழைக்கிறார்களோ, அவர்களே வாய் உள்ளவரை வருடாவருடம் அழைக்க வேண்டும். விட்டால் வந்தவர் பசியோடு நிற்பார். அன்று அப்பா, அம்மா, அத்தான் இலைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னார் அக்கா. நான் மாட்டேன் என்றேன். வெளியாளை வீட்டுக்குள் அழைத்தால் போகமாட்டார்கள் என்றேன்.

"அவரு வந்து ரொம்ப நாளாச்சுட்டி. நின்னுக்கிட்டே இருக்காரு. உக்கார ஒரு இடம் குடுப்போம்."

இலை போட்டேன். அக்கா எதிரில் நின்று கையைக் கூப்பினார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஒரு மாகாணத்தின் சட்டமன்றத்தில் நின்று பேசியவருக்கு, ஒரு ஆளைச் சாப்பிட வாங்க என்று கூப்பிட முடியவில்லை. என்ன முறை சொல்லுவது என்று தவித்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடைக்கு வரும் தெரியாத ஆளைக்கூட நாம் எப்படிக் கூப்பிடுவோமோ, அப்படியே என் வாயில் வந்தது. "அண்ணாச்சி, வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "நீ கூப்பிட்டுட்டியேட்டி" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இனி அவரை அழைப்பது என் பாடு.

காக்கைக்கு வைத்தோம். அப்பா இலைச் சோற்றை உடனே எடுத்தது. அம்மாவுடையதை எடுத்தது. அண்ணாச்சி இலைச் சோற்றின் பக்கமே வரவில்லை. அடுத்த வருடமும் அப்படித்தான். அக்கா மாடியில் வெயிலில் நின்றுகொண்டு, "அவரு சாப்பிடல, அவரு சாப்பிடல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் அக்காவுக்குக் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது. வைத்தியம் வேண்டாம் என்று டாக்டரான அவரே முடிவு செய்தார்.

படுக்கையில் விழுந்தபின் ஒருநாள், போனை எடுத்து மார்த்தா அம்மாளை வீடியோவில் கூப்பிடச் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அந்த அம்மாள் திரையில் வந்தார், மிகவும் தளர்ந்திருந்தார். அக்காவை அடையாளம் கண்டதும் முகம் இறுகிவிட்டது. அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அன்று நான் எழுந்து நின்றபோது, யாராவது சாவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் டாக்டர், எனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தேதான் நின்றேன்" என்றார். பிறகு, உங்கள் கணவர் இங்கேதான் இருக்கிறார், இலை போடுகிறோம், அவர் சாப்பிடமாட்டேன் என்கிறார் என்றார்.

நான் நினைத்தேன், இப்போது போனை வைத்துவிடுவார், இல்லை, திட்டுவார் என்று. அந்த அம்மாள் இரண்டும் செய்யவில்லை.

"அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அக்கா சொன்னார். சோறு, சாம்பார், அவியல், பச்சடி.

"காரமா?"

"ஆமாம்."

"அவருக்குக் காரம் ஆகாது. உருளைக்கிழங்கை அவித்து வெண்ணெயும் உப்பும் போடுங்கள். ரொட்டி வைத்தால் ஓரத்தை வெட்டிவிடுங்கள், அவருக்குப் பல் சரியில்லை." உடனே, "இதை மன்னிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பட்டினி கிடக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

"நினைக்கல" என்று அக்கா தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாளுக்கு அது எப்படியோ புரிந்தது.

தை அமாவாசைக்கு உருளைக்கிழங்கு அவித்தோம். ரொட்டியின் ஓரத்தை நானே வெட்டினேன். "அண்ணாச்சி, வாங்க" என்று அழைத்தேன். ஜன்னல் வழியாக அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே காக்கை வந்து அந்த உருளைக்கிழங்கை எடுத்தது. அக்கா குழந்தைபோல அழுதார், நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "நான் போனா என் இலைய அவரு பக்கத்துல போடுட்டி. நேர்ல கேக்கணும். மத்தவங்க மன்னிச்சு என்னத்துக்கு? அவருல்லா சொல்லணும்" என்றார். போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் எங்களிடம் கேட்ட கடைசிக் காரியம் அது ஒன்றுதான்.

அக்கா போனபின் மார்த்தா அம்மாளுக்குச் சொல்ல வேண்டியது முறை என்று கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன், பக்கத்து இலையைப் பற்றியும். வருந்துகிறேன் என்றார். பிறகு, "பக்கத்தில் வேண்டாம். அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டாம்" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்துப்போனவளிடம் என்னம்மா இன்னும் வஞ்சம் என்று தமிழில் கத்தினேன். என் அக்கா எத்தனை வருடம் உருகினாள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். கத்தி முடித்தபின் பார்த்தால், அந்த அம்மாள் இன்னும் போனை வைக்கவில்லை, அழுதுகொண்டிருந்தார். புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பூட்டிய கதவிலிருந்து திருப்பிக்கொண்டு, பனி ரோட்டில் தனியாக வண்டி ஓட்டியவர் அவர். அவரிடம் போய் நியாயம் பேச நான் யார்?

இந்த ஓராண்டாக எனக்கு இதே யோசனைதான். கூடப்பிறந்தவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், அந்த அம்மாளின் சொல் ஒரு பக்கம். சோறு வடிக்கும்போதெல்லாம் அக்கா பின்னால் நின்று, "என்னட்டி செய்யப் போற?" என்று கேட்பதுபோல் இருக்கிறது. வரவர அந்தக் கேள்வியோடு நனைந்த கம்பளி வாடையும் சேர்ந்து வருகிறது. இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்காவின் கடைசி நாட்களில் வீட்டுக்கே வந்து வலிக்கு ஊசி போட்ட டாக்டர் தம்பிக்கும், தன் தாயைப்போல் தூக்கி எடுத்துத் துடைத்துவிட்ட நர்ஸ் பிள்ளைக்கும், அழைத்ததும் ஓடிவந்த தெருக்காரர்களுக்கும், அக்கா ஊரிலிருந்து பூங்கொத்து அனுப்பிய அவருடைய பழைய நோயாளிகளுக்கும், இந்த மலரை அச்சிட்ட அக்கா மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணாச்சிக்கு என்ன பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்த மார்த்தா அம்மாளுக்கும் நன்றி. அவர் மன்னிக்காததற்கு எங்கள் குடும்பத்தில் யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இதை வாசிக்கும்போது இன்றைய படைப்பு முடிந்திருக்கும். அதை இரண்டு தடவையாகச் செய்ததைப் பார்த்து, ஓராண்டு திதிக்குரியவளுக்கே கடைசியில் இலை போடுகிறாளே, கோட்டி பிடித்துவிட்டதா என்று கேட்டிருப்பீர்கள். நம் வீடுகளில் விருந்தாளிக்குப் போட்ட பிறகுதானே வீட்டுப் பெண்கள் உட்காருகிறோம். அண்ணாச்சியை முதலில் அழைப்பேன். அவர் சாப்பிட்டு முடித்து, அந்த இலையை எடுத்து, இடத்தைத் துடைத்த பிறகு, அதே இடத்தில் அக்காவுக்கு இலை போடுவேன். என் கூடப்பிறந்தவள் பசியோடு வாசலில் காத்திருப்பாள் என்று தெரிந்தும், அந்த மனிதர் சாப்பிட்டு முடிக்கிறவரை அவளை நான் கூப்பிடமாட்டேன்.